ஹைப்ரிட் வண்டியில் எச்சரிக்கை விளக்கா? பெரிய பேட்டரியைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு பேட்டரி உண்டு. பின்சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ படுத்திருக்கும் உயர் அழுத்தப் பேட்டரி ஒன்று. சாதாரண வண்டியிலும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இன்னொன்று. டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்ததும் சந்தேகம் பெரியதன் மேல்தான் போகும். அதன் விலை அப்படி. ஆனால் கோளாறு பல வேளைகளில் சின்னதில் இருக்கும், அல்லது காற்றுத் துவாரத்தில் அடைந்த தூசியில் இருக்கும். டிரைவரைக் கண்காணிக்கும் கேமரா, முன் ரேடார், டயர் சென்சார் எல்லாம் உயிர் வாழ்வதும் அதே 12 வோல்ட்டில்தான். அதனால் கீழே எந்த அறிகுறியானாலும் காசில்லாத சோதனை முதலில், பேட்டரியைக் கழற்றும் பேச்சு கடைசியில்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், வண்டிக் கணினியின் பதிவுகளைப் படிக்கும் ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவி, ஹைப்ரிட் தரவைப் படிக்கத் தெரிந்த ஒரு செயலி. டொயோட்டா, லெக்ஸஸ் வண்டிகளுக்கு டாக்டர் பிரியஸ், ஹைப்ரிட் அசிஸ்டன்ட் போன்றவை போதும். பொதுவான ஓபிடி செயலிகள் எஞ்சின் கோடுகளை (கோளாறு வந்தால் கணினி பதியும் குறியீடுகளை) மட்டும் காட்டிவிட்டு ஹைப்ரிட் கணினியில் இருப்பதை விட்டுவிடும். "கோடு எதுவும் இல்லை" என்று அவை சொல்வதை நம்ப வேண்டாம்.

இரண்டு விதிகள். ஆரஞ்சு உறை போட்ட கேபிளையும் அது போய்ச் சேரும் பெட்டிகளையும் திறக்காதீர்கள். பல வண்டிகளின் பேட்டரியில் 200 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் இருக்கும். பல வண்டிகளில் இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) அதை 500–650 வோல்ட் வரை உயர்த்தும். பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் இறங்க 10 நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட் தாங்கும் கையுறையோடு, மீட்டர் வைத்து உறுதிசெய்த பிறகே பயிற்சி பெற்றவர்கள் கை வைப்பார்கள். இங்கே சொல்லும் எந்தச் சோதனைக்கும் அது தேவைப்படாது. இரண்டாவது, கோடுகளை எழுதி வைக்காமல் அழிக்காதீர்கள். 12 வோல்ட் டெர்மினலைக் கழற்றினாலும் கோளாறு வந்த கணத்தில் பதிவான தரவு போய்விடக்கூடும். பிறகு மெக்கானிக் இருட்டில்தான் தேட வேண்டும்.

## அறிகுறி: பட்டனை அழுத்தினால் "ரெடி" வரவில்லை

### விளக்குகள் மங்கல், டிக் டிக் சத்தம், அல்லது எதுவுமே இல்லை

டேஷ்போர்டில் "ரெடி" விளக்கு வந்தால்தான் வண்டி ஓடத் தயார் என்று பொருள். முதலில் சாவி. சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால் வண்டி உங்களை அடையாளம் காணாது. சாவியைப் பவர் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து அழுத்துங்கள். ரெடி வந்துவிட்டால் சாவி பேட்டரியை மாற்றுங்கள், வேலை முடிந்தது.

வரவில்லையென்றால் 12 வோல்ட். ஹைப்ரிட்டில் இந்தப் பேட்டரி எஞ்சினைச் சுற்றுவதில்லை. கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகளை) மூட வைப்பதுதான் அதன் வேலை. அதனால் சாதாரண வண்டியில் வரும் "தடுமாறிச் சுற்றும்" முன்னறிவிப்பு இங்கே கிடையாது. நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி இன்று காலை சத்தமில்லாமல் நிற்கும். பெரிய பேட்டரி நிறைய சார்ஜோடு இருந்தாலும் பயனில்லை. ரிலேக்கள் மூடாதவரை அது தனித்தீவு.

சோதனை: வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு மல்டிமீட்டரை வையுங்கள்.

- 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும்: நிறைந்திருக்கிறது.
- 12.2 அளவில்: பாதி.
- 12.0-க்குக் கீழே: இறங்கிவிட்டது. சார்ஜ் செய்த பிறகே வேறு எதையும் சோதியுங்கள்.

ஓய்வு அளவு நன்றாக இருந்தாலும் ஏமாறக் கூடாது. பழைய பேட்டரி 12.5 காட்டிவிட்டு, சுமை ஏறியதும் சரியும். ரெடிக்குப் போகாமல் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு மறுபடி பாருங்கள். 11.5-க்குக் கீழே போனால் அதன் காலம் முடிந்தது. ரெடியில் இருக்கும்போது அதே டெர்மினல்களில் பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். ரெடியிலும் 12.5-ஐத் தாண்டவில்லையென்றால் கோளாறு பேட்டரியில் இல்லை. உயர் அழுத்தத்தை 12 வோல்ட்டாக இறக்கித் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டரிலோ அதன் ஃபியூஸிலோ இருக்கிறது. அது பயிற்சி பெற்றவர் வேலை.

ஜம்ப் கொடுப்பது: பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டிகளில் முன் ஃபியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருக்கும். சிவப்பு கேபிள் அங்கே, கறுப்பு கேபிள் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியில். ஐந்து பத்து நிமிடம் விட்டுவிட்டு ரெடி போடுங்கள். துருவம் மாறினால் பிரதான ஃபியூஸ் போவது குறைந்தபட்சச் சேதம்; கன்வெர்ட்டரே போகவும் கூடும். இன்னொன்று: உங்கள் ஹைப்ரிட்டிலிருந்து மற்ற வண்டிக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். அதன் 12 வோல்ட் அமைப்பு ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்காகச் செய்யப்பட்டதல்ல.

ஹூண்டாய், கியா ஹைப்ரிட்களில் சிலவற்றில் தனி 12 வோல்ட் பேட்டரியே இருக்காது. அது லித்தியம் வகையாகப் பெரிய பேட்டரியின் பெட்டிக்குள்ளேயே சேர்ந்திருக்கும். டேஷ்போர்டின் இடப்பக்கம் 12 வோல்ட் ரீசெட் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அழுத்தி, தாமதிக்காமல் வண்டியை ரெடிக்குக் கொண்டுவந்து, அரை மணி நேரமாவது அப்படியே ஓடவிடுங்கள்.

புதுப் பேட்டரி வாங்கும்போது: வண்டிக்குள்ளோ டிக்கியிலோ பொருத்துவதாக இருந்தால் வாயு வெளியேறும் குழாய் பொருத்த வசதியுள்ள ஏஜிஎம் (அமிலம் கண்ணாடியிழையில் ஊறிய, மூடிய) வகைதான் வேண்டும். சாதாரணப் பேட்டரி சார்ஜாகும்போது விடும் ஹைட்ரஜன் மூடிய இடத்தில் தங்கும். அந்தக் குழாயை மறுபடி மாட்டினார்களா என்று நீங்களே பாருங்கள், அடிக்கடி மறந்துபோகும் பொருள் அது. வெளிச் சார்ஜர் போடுவதாக இருந்தால் ஏஜிஎம் முறை உள்ளதாக, 4–5 ஆம்பியருக்கு மிகாததாக இருக்கட்டும்.

### விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, ரெடி மட்டும் இல்லை

பிரேக்கை இன்னும் அழுத்தமாக மிதியுங்கள். கியர் பார்க்கில் இருக்கிறதா பாருங்கள். பிளக்-இன் வண்டியானால் சார்ஜிங் கேபிள் இன்னும் செருகியிருக்கிறதா? பலமுறை காரணம் அதுதான். பிரேக் மிதிக்கும்போது பின் விளக்கு எரியவில்லையென்றால் பிரேக் ஸ்விட்ச் போயிருக்கிறது, மலிவான பாகம்.

பெட்ரோல் சுத்தமாகத் தீர்ந்த நிலையில் பெரிய பேட்டரியை மட்டும் வைத்து நகர்த்திப் பார்த்திருந்தால் உடனே நிறுத்துங்கள். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டால் பெட்ரோல் ஊற்றினாலும் எஞ்சினைச் சுற்ற அதில் தெம்பு இருக்காது. சிறப்புச் சார்ஜர் வேண்டும்.

பின்சீட்டுப் பக்கம் சுத்தம் செய்த பிறகோ சர்வீஸ் முடிந்த பிறகோ இது வந்திருந்து, பி0ஏ0டி கோடும் இருந்தால், சர்வீஸ் பிளக்கின் கைப்பிடி முழுமையாகப் பூட்டவில்லை என்று பொருள். கடைசி நிலை வரை தள்ளிப் பூட்டாவிட்டால் பாதுகாப்புச் சுற்று திறந்தே இருக்கும். வேலை செய்தவரையே கூப்பிடுங்கள்.

## அறிகுறி: ஒரே நேரத்தில் ஏழெட்டு விளக்குகள்

பிரேக், ஏபிஎஸ், ஸ்டீயரிங், லேன் கேமரா, ரேடார் எல்லாம் சேர்ந்து ஒரே காலையில் கெட்டுப்போவதில்லை. 12 வோல்ட் சரிந்து கணினிகள் ஒன்றையொன்று காணாமல் தவிப்பதுதான் இது. மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள், டெர்மினல் இறுக்கத்தையும் கறுப்புக் கேபிள் உடலோடு சேரும் போல்ட்டையும் பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு வந்திருந்தால் பயம் வேண்டாம். ஸ்டீயரிங் கோணச் சென்சார் நடுநிலையைத் திரும்பக் கற்க வேண்டும்: ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, சில நூறு மீட்டர் நேராக ஓட்டினால் பல வண்டிகளில் விளக்குகள் தாமாக அணையும். திரையில் சார்ஜ் அளவைக் காட்டும் பட்டை ஓரிரு நாள் தாறுமாறாகக் காட்டுவதும் பேட்டரியைக் கழற்றியதால்தான்.

## அறிகுறி: சில நாள் நிறுத்தினால் 12 வோல்ட் இறங்கிப்போகிறது

எளிதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஓபிடி துளையில் எதையாவது செருகியே வைத்திருக்கிறீர்களா? உருவுங்கள். சில கருவிகள் வண்டியின் கணினிகளைத் தூங்கவே விடுவதில்லை. அடுத்தது, நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேம். அதற்குக் குறைந்த மின்னழுத்தத்தில் தானே அணையும் வசதி இருந்தால் 12.2-க்குக் குறையாமல் வையுங்கள். இல்லையென்றால் அந்த முறையை அணைத்துவிடுங்கள். மூன்றாவது, சாவியை வண்டிக்கு மிக அருகில் வைப்பது. சில மீட்டர் தள்ளி வைத்தாலே போதும். நான்காவது, சிக்னல் கிடைக்காத தரைக்கீழ் நிறுத்தத்தில் நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் இணைய மோடம் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருப்பது. செயலியைத் திறந்து "வண்டி எங்கே, சார்ஜ் எவ்வளவு" என்று அடிக்கடி பார்ப்பதும் வண்டியை ஒவ்வொரு முறையும் எழுப்புகிறது.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் அளக்க வேண்டும். நேர்மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பேட்டரியின் கறுப்புக் கேபிளில் போடுங்கள். கதவு, டிக்கிப் பூட்டுகளை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, வண்டியைப் பூட்டி, ஒரு மணி நேரம் விடுங்கள். கணினிகள் படிப்படியாகத்தான் தூங்கும். அவசரப்பட்டால் பொய்யான பெரிய எண் வரும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் இயல்பு. 100-ஐத் தாண்டி நின்றால் எதுவோ விழித்திருக்கிறது. ஃபியூஸ்களைப் பிடுங்கித் தேடினால் கணினிகள் மறுபடி விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபியூஸின் இரு முனைகளுக்கும் நடுவே மில்லி வோல்ட் அளப்பதே நல்ல முறை. எதில் எண் வருகிறதோ அந்தச் சுற்றுதான். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் பாதி வேலை முடிந்தது.

நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் வாரத்துக்கு ஒரு முறை, திறந்த வெளியில், பார்க்கில் வைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் ரெடியில் விடுங்கள். ரெடி இல்லாமல் வெறும் "ஆன்" நிலையில் வைத்தால் சார்ஜ் ஏறாது, இருப்பதும் போகும். நியூட்ரலில் வைப்பதும் தவறு. டொயோட்டா வகை ஹைப்ரிட்களில் நியூட்ரலில் பெரிய பேட்டரி சார்ஜாகாது.

## அறிகுறி: பின்சீட்டு ஓரத்தில் காற்றாடிச் சத்தம் பலமாகிறது

இது வியாதியின் முதல் இருமல். இங்கேயே பிடித்தால் பெரிய செலவு தப்பும். காற்றால் குளிரும் பேட்டரிகள் வண்டிக்குள்ளிருந்துதான் காற்றை இழுக்கின்றன. துவாரம் பின்சீட்டின் ஓரத்திலோ அடியிலோ இருக்கும். அங்கே பை, துணி, குழந்தை சீட், போர்வை எதுவும் மூடியிருக்கக் கூடாது. நாய் பூனை ஏறும் வண்டியில் அந்தத் துவாரத்தின் வலை கம்பளியாகவே மாறியிருக்கும்.

வலையைக் கழற்றி, வாக்யூம் போட்டு, ஃபில்டர் இருந்தால் மாற்றுங்கள் அல்லது கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். காற்றழுத்தத்தால் உள்ளே ஊதாதீர்கள். தூசி பேட்டரிக்குள் போகும். வலை சுத்தமாக இருந்தும் சத்தம் குறையவில்லையென்றால் காற்றாடியின் இறக்கைகளிலேயே பிசுபிசுப்பான தூசி அப்பியிருக்கும். அதைக் கழற்றிக் கழுவ டிக்கி ஓரப் பலகைகளை எடுக்க வேண்டும். பல மாடல்களில் காற்றாடி உயர் அழுத்தப் பெட்டியின் பக்கத்திலேயே இருப்பதால் பழக்கமில்லாதவர்கள் சர்வீஸில் செய்யச் சொல்லுங்கள். பெரிய வேலை அல்ல.

செயலியில் வெப்பநிலை பாருங்கள். 45 டிகிரியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 50 வாக்கில் கணினி பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கும். உள்ளே இருக்கும் சென்சார்களுக்கிடையே 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காற்று ஒரு பக்கம் போய்ச் சேரவில்லை. ஓடும்போது ஏசியைப் போட்டு வண்டிக்குள் குளிர்ச்சியாக வைப்பது பேட்டரிக்கும் சேர்த்துத்தான்.

## அறிகுறி: சார்ஜ் பட்டை சில நிமிடத்தில் ஏறி, சில நிமிடத்தில் விழுகிறது

முதலில் ஒரு தெளிவு. திரையில் நிறைந்ததாகக் காட்டுவது உண்மையில் 80 சதவீதம் வாக்கில். காலியாகக் காட்டுவது 40 வாக்கில். நிக்கல் பேட்டரிகளை அந்த நடுப்பகுதியில் வைத்துத்தான் கணினி காப்பாற்றுகிறது. அதனால் மலையிறக்கத்தில் பட்டை நிறைவதும், அதன் பிறகு பிரேக் மின்சாரம் ஏற்க இடமில்லாமல் எஞ்சின் உறுமிச் சுழல்வதும் கோளாறல்ல. எஞ்சினைக் காற்றுக்கு எதிராகச் சுற்ற வைத்து அந்த ஆற்றலைச் செலவழிக்கிறது, அவ்வளவுதான்.

கோளாறு எது என்றால்: சமதரையில், சிக்னல் ஒன்றில் நின்று புறப்படுவதற்குள் நிறைந்த பட்டை இரண்டு கட்டத்துக்கு விழுவது, நாலு நிமிடத்தில் மறுபடி பச்சையாக நிறைவது. கூடவே காற்றாடிச் சத்தமும், எஞ்சின் அடிக்கடி ஓடுவதும், மைலேஜ் குறைவதும் சேர்ந்திருந்தால் ஏதோ ஒரு செல் மற்றவற்றோடு நடக்க முடியாமல் பின்தங்குகிறது.

12 வோல்ட்டையும் காற்றுத் துவாரத்தையும் முடித்துவிட்டு இங்கே வாருங்கள்.

டொயோட்டாவின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸ் காரை எடுத்துக்கொள்வோம். செல்கள் அடங்கிய 7.2 வோல்ட் சிறு தொகுப்புகள் (மாட்யூல்கள்) 28, மொத்தம் 201.6 வோல்ட். கணினி அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளாக்குகளாகப் பார்க்கும். செயலியில் இந்த 14 எண்களையும் திறந்து வையுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து திரையைப் பார்க்கட்டும், நீங்கள் ஓட்டுங்கள்.

1. நின்ற நிலையில்: பிளாக்குகளுக்கிடையே 0.1–0.2 வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் நல்லது.
2. காலியான சாலையில் பலமாக மிதித்து வேகமெடுங்கள்: எந்த பிளாக் மற்றவற்றைவிடக் கீழே குதிக்கிறது?
3. பிரேக் போட்டுச் சார்ஜ் ஏற்றுங்கள்: அதே பிளாக் மற்றவற்றைவிட மேலே குதிக்கிறதா?

கீழேயும் மேலேயும் ஒரே பிளாக் துள்ளினால் அதன் உள்மின்தடை ஏறிவிட்டது. அந்த இணையில் ஒரு மாட்யூல் போகிறது. சுமையில் 0.3 வோல்ட் வித்தியாசம் கவனிக்க வேண்டியது. 1 வோல்ட்டைத் தொட்டால் பேட்டரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 கோடு தூரத்தில் இல்லை. எண்கள் சுமைக்குச் சம்பந்தமில்லாமல், குழி விழும்போது துள்ளினால் செல்லை விட்டு இணைப்பைச் சந்தேகியுங்கள். மாட்யூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தாலும் மின்னழுத்தம் படிக்கும் கம்பி அரித்திருந்தாலும் கணினிக்குப் பொய்யான எண்ணே போகும். பேட்டரியே வேண்டாம், சுத்தம் செய்தால் போதும் என்று முடிந்த வண்டிகள் உண்டு. ஆகவே மாற்றச் சொல்கிறவரிடம் "தகடுகளைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

### மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

முதலில் வாரண்டி புத்தகம். உயர் அழுத்தப் பேட்டரிக்குத் தனி வாரண்டி உண்டு. பல சந்தைகளில் அது 8 ஆண்டு, அதற்கு மேலும் இருக்கும். வண்டியின் பொது வாரண்டி முடிந்துவிட்டதால் இதுவும் முடிந்தது என்று நினைத்துக் காசு கொடுப்பவர்கள் அதிகம்.

ஒரே ஒரு மாட்யூலை மாற்றுவது மலிவு, ஆனால் அது தற்காலிகம். மற்ற 27-ம் அதே வயது, அதே வெயில். இன்று ஒன்று, சில மாதத்தில் இன்னொன்று. வண்டியை விற்கும் வரை ஓட்ட வேண்டும் என்றால் சரி. வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

"புதுப்பித்த" பேட்டரி என்று விற்பதில் பெரும்பாலும் பழைய பல பேட்டரிகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த மாட்யூல்கள்தான். ஒவ்வொரு மாட்யூலின் அளந்த கொள்ளளவையும் எழுத்தில் கேளுங்கள். புதிதாக இருக்கும்போது பிரியஸ் மாட்யூலின் அளவு 6.5 ஆம்பியர்-மணி. எல்லாம் 5-க்கு மேலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருந்தால் பேசலாம். தாள் தர மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். காற்றாடி, காற்றுக்குழாய் இரண்டையும் சுத்தம் செய்யாமல் புதுப் பேட்டரி வைப்பது வீண்.

## அறிகுறி: நெரிசலிலோ ஏற்றத்திலோ "ஹைப்ரிட் அமைப்பைச் சரிபார்க்கவும்", ஆறிய பின் சரியாகிறது

சூடானால் வந்து ஆறினால் போகிறது என்றால் இன்வெர்ட்டர் குளிர்விப்பைப் பாருங்கள். பல ஹைப்ரிட்களில் இதற்கு எஞ்சினோடு சேராத தனிக் கூலண்ட் சுற்றும் தனி மின் பம்பும் உண்டு. கோடு பி0ஏ93 ஆக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆறிய வண்டியில் இன்வெர்ட்டர் கூலண்ட் தொட்டியின் அளவைப் பாருங்கள். பிறகு ரெடியில் வைத்து அதே தொட்டிக்குள் டார்ச் அடியுங்கள். கூலண்ட் அலைந்து சுழன்றால் பம்ப் ஓடுகிறது. குளம் போல அசையாமல் கிடந்தால் பம்ப் நின்றுவிட்டது, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அண்மையில் கூலண்ட் மாற்றியிருந்தால் காற்றுதான் முதல் சந்தேகம். பம்ப் மலிவு, அதைத் தள்ளிப்போட்டு வெந்துபோகும் இன்வெர்ட்டர் மலிவல்ல. தயாரிப்பாளர் சொன்ன கூலண்டைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

ஒரு குழப்பம்: காலையில் எஞ்சின் முதல் தடவை பிடிக்கும்போது வண்டியே உலுக்கினால் அது பேட்டரி இல்லை. மூன்றாம் தலைமுறை பிரியஸில் இஜிஆர் குழாய் (புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் குழாய்) கரியால் அடைத்து, ஹெட் கேஸ்கெட் கசிந்து, கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்குவது தெரிந்த வியாதி. எஞ்சின் கூலண்ட் குறைகிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி: பி0ஏஏ6 கோடு, அல்லது மழைக்குப் பின் ஹைப்ரிட் எச்சரிக்கை

உயர் அழுத்தம் வண்டியின் உடலுக்குக் கசிகிறது என்று பொருள். இதில் வீட்டுச் சோதனை இல்லை, ஆனால் கவனித்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: எப்போது வருகிறது?

- ஏசி போட்டதும் வருகிறதா? கம்ப்ரஸர். கேஸ் நிரப்பிய கையோடு ஆரம்பித்திருந்தால் சாதாரண வண்டிக்கான பிஏஜி வகை எண்ணெய் போயிருக்கலாம். மின் கம்ப்ரஸருக்கு மின்காப்புள்ள பிஓஇ வகை எண்ணெய்தான் வேண்டும்.
- மழை, வெள்ளம், வண்டி கழுவுதல் இவற்றுக்குப் பிறகா? டிக்கித் தரைவிரிப்பின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பாருங்கள்.
- ஓட்டும்போது மட்டுமா? மோட்டார், கேபிள், பேட்டரி என்று பட்டியல் நீளும்.

தண்ணீரில் மூழ்கிய வண்டியை ரெடிக்குக் கொண்டுவர முயலாதீர்கள். இழுத்துச் செல்வதாக இருந்தால் நான்கு சக்கரமும் தூக்கிய மேடை வண்டியில்தான். இயங்கு சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கும்.

## அறிகுறி: எஞ்சின் அணையவே மாட்டேன் என்கிறது

பெரும்பாலும் கோளாறில்லை. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை, ஹீட்டர் அதிகம் வைத்திருக்கிறீர்கள், வெளியே கடும் குளிர், பேட்டரி குறைவு. ஹீட்டரை அணைத்து ஐந்து நிமிடம் ஓட்டினால் தெரிந்துவிடும். பிளக்-இன் வண்டியில் சார்ஜ் நிறைய இருந்தும் எஞ்சின் ஓடினால், பெட்ரோல் மாதக்கணக்கில் அப்படியே கிடப்பதால் பராமரிப்புக்காக ஓடலாம். திரையில் செய்தி வரும், ஓடி முடிக்கட்டும்.

48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட்டிலும் (சிறு மோட்டார் எஞ்சினுக்கு உதவ மட்டும் செய்யும் வகை) சாதாரண வண்டியிலும் சிக்னலில் எஞ்சின் அணைவது நின்றுபோனால் பெரும்பாலும் 12 வோல்ட்தான். மாற்றும்போது ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம், இஎஃப்பி (மேம்படுத்திய சாதாரண வகை) இருந்த இடத்தில் குறைந்தது இஎஃப்பி. பிஎம்டபிள்யூ போன்ற வண்டிகளில் புதுப் பேட்டரியை ஸ்கேனரில் பதிவு செய்யவும் வேண்டும்.

## அறிகுறி: டிரைவர் கேமரா காரணமில்லாமல் அதட்டுகிறது

"சாலையைப் பாருங்கள்", "ஓய்வெடுங்கள்" என்று நேராகப் பார்த்துக்கொண்டிருப்பவரையே கண்டிக்கிறதா? எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டீயரிங் பின்னாலோ திரைக்கு மேலோ கருப்புக் கண்ணாடி போன்ற சிறு பட்டை இருந்தால் அகச்சிவப்புக் கேமரா. எதுவும் இல்லாமல் காப்பிக் கோப்பைப் படம் மட்டும் வந்தால் ஸ்டீயரிங் அசைவை வைத்துக் கணிக்கும் வகை.

கேமரா வகைக்கு:

1. மைக்ரோஃபைபர் துணியால் பட்டையைத் துடையுங்கள். டேஷ்போர்டு பாலிஷ் படலம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.
2. ஸ்டீயரிங் உயரத்தை மாற்றிப் பாருங்கள். சக்கரத்தின் மேல் விளிம்போ அதன் மேல் வைத்த கையோ முகத்தை மறைக்கும்.
3. நீங்கள் போட்டிருக்கும் குளிர்கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடிகள் உண்டு. அவற்றைப் போட்டிருந்தால் கேமராவுக்கு உங்கள் கண்ணே தெரியாது. கண்ணாடியை மாற்றினால் தீர்ந்தது. தொப்பி விளிம்பும் அப்படியே.
4. மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஸ்டீயரிங் வகைக்கு டயர் காற்றையும் வீல் அலைன்மென்ட்டையும் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கும் வண்டியில் ஓயாமல் திருத்திக்கொண்டே ஓட்டுவீர்கள். கணினி அதைத் தூக்கக் கலக்கம் என்று படிக்கும். கை பிடித்திருந்தும் "கையை வையுங்கள்" என்றால், தொடுகையை உணரும் ஸ்டீயரிங்கில் உறை மாட்டியிருப்பீர்கள்; கழற்றுங்கள். ஏமாற்ற எடை கட்டுவது வேண்டாத வேலை.

நிரந்தரமாக அணைக்க முடியுமா என்பதுதான் பலரின் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் தூக்கக் கலக்க எச்சரிக்கையும் வேக எல்லை எச்சரிக்கையும் 2024 ஜூலை முதல் எல்லாப் புது கார்களிலும் கட்டாயம். வேக எச்சரிக்கையை அணைத்தாலும் அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது தானே உயிர் பெறும், சட்டமே அப்படி. ஆகவே அது கோளாறல்ல. பல வண்டிகளில் ஸ்டீயரிங் பட்டன் ஒன்றை நீண்ட நேரம் அழுத்தும் குறுக்கு வழி கையேட்டில் இருக்கும்.

வேக எல்லையைத் தவறாகக் காட்டினால் முன் கண்ணாடியைத் துடையுங்கள், வரைபடத்தைப் புதுப்பியுங்கள். லாரியின் பின்னால் ஒட்டிய வேக எண்ணையும் பக்கச் சாலைப் பலகையையும் கேமரா படித்துவிடும், அதற்கு மருந்தில்லை.

## அறிகுறி: "முன் கேமரா கிடைக்கவில்லை", "ரேடார் மறைக்கப்பட்டுள்ளது"

வெயிலில் நின்ற வண்டியானால் கேமரா சூடாகியிருக்கும். ஏசி போட்டுச் சில நிமிடத்தில் திரும்பும். அடுத்தது முன் கண்ணாடியில் கேமராவின் நேர் எதிரே உள்ள பகுதி, வெளியேயும் உள்ளேயும் துடையுங்கள். ரேடார் பெரும்பாலும் முன் சின்னத்துக்குப் பின்னாலோ கீழ் வலைக்குள்ளோ இருக்கும். சேறு, ஸ்டிக்கர், கடையில் வாங்கி மாட்டிய வேறு சின்னம், உலோக நம்பர் பலகைச் சட்டம் எல்லாம் தடை.

முன் கண்ணாடி மாற்றிய பிறகு, பம்பர் கழற்றிய பிறகு, லேசாக முட்டிய பிறகு வந்தால் துடைத்துப் பயனில்லை. குறிப்பலகை வைத்தோ ஓட்டியோ கேமரா, ரேடாரின் கோணத்தைச் சரிசெய்யும் அளவீடு செய்ய வேண்டும், அதற்கான கருவி உள்ள இடத்தில். விளக்கு எரியாவிட்டாலும் கண்ணாடி மாற்றினால் இதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு டிகிரி கோணல் கேமரா முன்னே தூரத்தில் போகும் வண்டியைப் பக்கத்து லேனில் இருப்பதாக நினைக்கக்கூடும்.

## அறிகுறி: டயர் விளக்கு

நிலையாக எரிந்தால் காற்று குறைவு. ஒரு நிமிடம் வரை சிமிட்டிவிட்டுப் பிறகு நிலைத்தால் சென்சார் கோளாறு. குளிர் காலையில் எரிந்து மதியம் அணைந்தால் காற்று எல்லையில் இருக்கிறது. 5–6 டிகிரி குறைய ஒரு பிஎஸ்ஐ இறங்கும். ஆறிய டயரில், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். சக்கரத்துக்குள் சென்சார் இல்லாத வகையில் நிரப்பிய பின் மெனுவில் ரீசெட் செய்யாவிட்டால் அணையாது. சென்சாரின் உள் பேட்டரி 5 முதல் 10 ஆண்டு. தனியே மாற்ற முடியாது. டயர் மாற்றும்போது சேர்த்து மாற்றினால் ஒரே கூலி.

## அறிகுறி: எஸ்ஓஎஸ் விளக்கு சிவப்பு, அல்லது வண்டி என்ன அனுப்புகிறது என்ற கவலை

அவசர அழைப்புப் பெட்டிக்குத் தனியாகச் சிறு பேட்டரி உண்டு. சில ஆண்டுகளில் அது தளர்ந்தால் சிவப்பு எரியும். 12 வோல்ட் இறங்கி ஏறியதாலும் வரும். ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் இருந்தால் சர்வீஸ். பழைய 3ஜி மோடம் வண்டியில், அந்த வலையமைப்பு மூடப்பட்ட இடத்தில், பழுதுபார்த்துப் பயனில்லை. மாற்று மோடம் இருக்கிறதா என்று தயாரிப்பாளரைத்தான் கேட்க வேண்டும்.

விபத்துப் பதிவுக் கருவி வேறு, இணையத்தில் அனுப்புவது வேறு. முதலாவது மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகம், பிரேக், சீட் பெல்ட் நிலையை வண்டிக்குள்ளேயே வைத்திருக்கும். இரண்டாவது ஓட்டும் முறையை வெளியே அனுப்பக்கூடியது. ஓட்டுநர் தரவு விற்கப்பட்டது தொடர்பாக ஜெனரல் மோட்டார்ஸ் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. ஆக இது வீண் பயமல்ல.

பார்க்க வேண்டியவை: வண்டித் திரையில் தனியுரிமை மெனு, தொலைபேசிச் செயலியில் "ஓட்டும் மதிப்பெண்", "காப்பீட்டுச் சலுகை" போன்ற பெயரில் ஒப்புக்கொண்ட சேவைகள். இரண்டும் தனித்தனி, ஒன்றை அணைத்தால் மற்றது அணையாது. மோடம் ஃபியூஸைப் பிடுங்குவது வேண்டாம். பல வண்டிகளில் அவசர அழைப்பும் அதோடு போகும், ஸ்பீக்கரும் மைக்கும்கூட ஊமையாகலாம். பழைய வண்டி வாங்கினால் அன்றே தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்து, முன் உரிமையாளரின் கணக்கு நீங்கியதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் அவர் தொலைபேசியில் உங்கள் வண்டி நிற்கும் இடம் தெரிந்துகொண்டே இருக்கும், கதவும் திறக்கும்.